கார் வாங்கிய மறுநாள் கையில் என்ன மீதம் இருக்கும்?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வாகனக் கடன் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒரே சந்தேகத்தை வெவ்வேறு சொற்களில் கேட்பவை என்பதால், அவற்றிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்களில் வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. நாணயம் எதுவானாலும் விகிதங்கள் மாறுவதில்லை. ரொக்கம் என்று நான் சொல்வது நோட்டுக் கட்டுகளையல்ல, கடன் வாங்காமல் சொந்தச் சேமிப்பிலிருந்து முழு விலையையும் கொடுப்பதை.

கேள்வி: எட்டு ஆண்டுகளாகச் சேமித்த 12 லட்சம் என்னிடம் இருக்கிறது. வாங்க நினைக்கும் காரின் விலை பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து 10 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 50,000. செலவு போக 20,000 வரை மிச்சப்படுத்த முடிகிறது. முழுத் தொகையையும் கொடுத்துவிடலாம் என்று ஷோரூமுக்குப் போனபோது, அங்கிருந்த விற்பனையாளர் ஒரு தாளில் கணக்கெழுதிக் காட்டினார். 10 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் 60 மாதத் தவணை 20,758. ஐந்து ஆண்டுகளில் கட்டும் மொத்த வட்டி 2,45,501. அதே 10 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வைப்பு நிதியில் போட்டால், மாதக் கூட்டு வட்டிப்படி கிடைப்பது 4,17,625. ஆகவே, கடன் வாங்கினால் எனக்கு 1,72,000-க்கு மேல் லாபம் என்கிறார். என் தந்தையோ, கடனில் வாங்கிய கார் வாசலில் நிற்கவே கூடாது என்கிறார். 9 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 7 சதவீதத்துக்குப் போட்டு வைப்பதில் லாபம் எப்படி வரும் என்பது எனக்குப் புரியவில்லை. ஆனால் தாளில் இருக்கும் கூட்டலிலும் பிழை தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. தாளில் உள்ள இரண்டு எண்களும் உண்மை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழித்ததுதான் தவறு. கடன் பக்கத்தில் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, அதனால்தான் வட்டி 2,45,501-லேயே நின்றுவிடுகிறது. வைப்பு நிதிப் பக்கத்தில் 10 லட்சம் ஐந்து ஆண்டுகளும் முழுமையாகக் கிடந்து வளர்கிறது. அசல் குறைந்துகொண்டே போக வேண்டுமென்றால் அதற்கு மாதம் 20,758 எங்கிருந்தோ வந்தாக வேண்டும் அல்லவா? அது உங்கள் சம்பளத்திலிருந்து வருகிறது. அந்தப் பணத்தை விற்பனையாளர் தம் தாளில் ஓரிடத்திலும் எழுதவில்லை.

சரியாக ஒப்பிட வேண்டுமானால், இரண்டு வழிகளிலும் உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் ஒரே தொகை வெளியே போவதாக வைத்துக்கொள்ள வேண்டும். கடன் வாங்கினால் 20,758 தவணையாகப் போகிறது. 10 லட்சம் வைப்பு நிதியில் இருந்து ஐந்தாண்டு முடிவில் 14,17,625 ஆகிறது. ரொக்கமாகக் கொடுத்தால் தவணை கிடையாது. அதே 20,758-ஐ மாதந்தோறும் அதே 7 சதவீத வட்டியில் சேர்த்து வந்தால், ஐந்தாண்டு முடிவில் ஏறக்குறைய 14,86,000 ஆகிறது. அதாவது, ரொக்கமாகக் கொடுத்தவர் சுமார் 68,500 முன்னால் நிற்கிறார். கடனுக்கான செயலாக்கக் கட்டணத்தையும் வைப்பு நிதி வட்டிக்குக் கட்ட வேண்டிய வருமான வரியையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். கடன் வட்டியைவிட அதிகமாக, வரி போக, உறுதியாகத் தரும் முதலீடு உங்களிடம் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு திரும்பும். பங்குச் சந்தையில் அப்படிக் கிடைக்கக்கூடும் என்பீர்கள், கிடைக்கவும் கூடும். ஆனால் தவணை நிச்சயம், சந்தை நிச்சயமில்லை. ஒன்றை நம்பி மற்றொன்றில் கையெழுத்திடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் தந்தை சொல்வதே சரி, முழுவதையும் கொடுத்துவிடலாம் என்று இந்தப் பதிலை இங்கேயே முடிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். என் முதல் காரை நான் கடனில்லாமல்தான் வாங்கினேன். கையில் இருந்தது எல்லாவற்றையும் கொடுத்து, கணக்கில் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் குறைவாக மீதம் வைத்து வாங்கினேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். நான்காவது மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. புது வாசனை போகாத அந்தக் காரின் பின்னிருக்கையில்தான் அவரைக் கிடத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொன்ன கவுன்டரில், பணப்பையில் இருந்த இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து தம்பிக்கு போன் செய்தேன். அன்று தப்பித்தது தம்பியால். மீதிச் செலவுக்குத் தனிநபர் கடன் வாங்கினேன். கார் கடனுக்குக் கொடுத்திருக்கக்கூடிய வட்டியைவிட அது மிக அதிகம். வெளியே நின்ற காரின் சன்னல் கண்ணாடியைக்கூட மருத்துவமனைக்குக் கட்டணமாகக் கொடுக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. காரில் போட்ட பணம் காராக இருக்கிறதே தவிர, பணமாக இருப்பதில்லை.

ஆகவே உங்களைப் போன்றவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, கார் வாங்கிய மறுநாள் காலையில் கையில் என்ன மீதம் இருக்கும் என்பதை. முழுத் தொகையையும் கொடுத்தால் உங்களிடம் 2 லட்சம், அதாவது நான்கு மாதச் செலவுக்கான பணம் இருக்கும். வீட்டில் ஒரே சம்பளமா, இரண்டா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே சம்பளமென்றால் ஆறு மாதச் செலவுக்குக் குறையாமல் கையில் இருப்பது நல்லது. வயதான பெற்றோர் உடனிருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாக.

என் யோசனை இது. 7 லட்சத்தை நீங்கள் கொடுங்கள். 3 லட்சத்துக்கு மட்டும் 24 மாதக் கடன் வாங்குங்கள். 9 சதவீத வட்டியில் தவணை ஏறக்குறைய 13,705 வரும். நீங்கள் இப்போது மிச்சப்படுத்தும் 20,000-க்குள் அது அடங்கிவிடுகிறது. கையில் 5 லட்சம், பத்து மாதச் செலவுக்கான பணம் நிற்கும். இதற்கு வட்டி 28,930. ஆனால் கையில் நிற்கும் 3 லட்சமும் 7 சதவீதத்தில் வளர்கிறது என்பதால், முன்பு செய்தது போலவே இரண்டு பக்கத்தையும் சரியாக ஒப்பிட்டால், இரண்டு ஆண்டு முடிவில் உங்களுக்கு உண்மையில் ஆகும் கூடுதல் செலவு 7,000 அளவுக்குத்தான்; வரியும் கட்டணமும் அதைச் சற்று உயர்த்தும். 3 லட்சத்தை அவசரத்துக்கென்று கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க இந்த விலை அதிகமில்லை. தந்தையிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவருடைய அச்சம் கடன் நீண்டுகொண்டே போவதைப் பற்றியதாகத்தான் இருக்கும். இரண்டே ஆண்டில் முடியும், எப்போது வேண்டுமானாலும் அடைக்கக் கையில் பணமும் இருக்கும் என்று தெரிந்தால் அவர் இசைவார் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. முழு ரொக்கம் என்று சொன்னவுடன் ஷோரூமில் மரியாதை கூடும், விலை குறையும் என்று பலர் நம்புகிறார்கள். கடன் கொடுக்கும் நிறுவனங்களிடமிருந்து டீலர்களுக்குக் கமிஷன் கிடைக்கும் இடங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். எனவே முதலில் காரின் விலையைப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் எப்படிக் கொடுப்பீர்கள் என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், விலையில் குறைத்ததை வட்டியில் கூட்டிவிடுவது எளிது.

கேள்வி: வங்கியில் 9 சதவீதம் என்கிறார்கள். டீலர் அறிமுகப்படுத்திய நிதி நிறுவனம் 7 சதவீதம்தான் என்கிறது, ஆனால் அது ஃபிளாட் ரேட்டாம். குறைந்த வட்டியை விட்டுவிட்டு வங்கிக்குப் போக வேண்டுமா?

பதில்: போகத்தான் வேண்டும். வங்கி சொல்வது குறையும் இருப்பின் மீதான வட்டி; அந்தந்த மாதம் மீதமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி. ஃபிளாட் ரேட் என்பது முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவது. 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 70,000 என்று ஐந்து ஆண்டுக்கு 3,50,000 வட்டி, தவணை 22,500. அதைப் பிரித்துப் பாருங்கள்: மாதம் 16,667 அசலுக்கு, 5,833 வட்டிக்கு. அறுபதாவது மாதம் நீங்கள் தர வேண்டிய அசல் வெறும் 16,667. அந்தச் சிறு தொகைக்கு அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 5,833 வட்டி கட்டுகிறீர்கள். இதைக் குறையும் இருப்பு முறைக்கு மாற்றினால் வட்டி விகிதம் ஏறக்குறைய 12.5 சதவீதம். வங்கியின் 9 சதவீதத்தோடு ஒப்பிடும்போது ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். ஐந்து ஆண்டுக் கடனில், ஃபிளாட் என்று சொல்லும் விகிதம் உண்மையில் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கடனாக இருந்தாலும் விகிதத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், முதல் நாள் கழிக்கப்படும் கட்டணங்கள் எவ்வளவு என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். அந்த மூன்று எண்கள் கையில் இருந்தால் விகிதத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் உங்களை ஏமாற்ற முடியாது.

கேள்வி: வட்டியே இல்லாமல் 36 மாதத் தவணை என்று ஒரு சலுகை. ஆனால் உடனே முழுத் தொகையும் கொடுத்தால் 10 லட்சத்தில் 70,000 தள்ளுபடி செய்கிறார்கள். வட்டியில்லாக் கடன்தானே லாபம்?

பதில்: தள்ளுபடியை இழப்பதுதான் அந்தக் கடனுக்கு நீங்கள் கொடுக்கும் வட்டி. காரின் ரொக்க விலை 9,30,000. நீங்கள் அந்தத் தொகைக்குக் கடன் வாங்கி, மாதம் 27,778 வீதம் 36 மாதத்தில் 10 லட்சமாகத் திருப்பிக் கட்டுகிறீர்கள். கணக்கிட்டால் இது ஆண்டுக்கு சுமார் 4.8 சதவீத வட்டி.

ஆனால் இதனால் அது கெட்ட கடன் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வரி போக உங்கள் வைப்பு நிதி 4.8 சதவீதத்துக்கு மேல் தருமானால், கையிருப்பை அங்கேயே விட்டுவிட்டு இந்தத் தவணையை எடுப்பது நியாயமானதே. அவசரத்துக்குப் பணமும் கையில் நிற்கும். இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள்: செயலாக்கக் கட்டணம் உண்டா, ஒரு தவணை தவறினால் சலுகை ரத்தாகி முழு வட்டியும் வருமா. இரண்டாவது நிபந்தனை இருந்தால், தவணை தானாகக் கழியும் கணக்கில் எப்போதும் இரண்டு மாதத் தவணைப் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பட்ஜெட்டுக்கு மாதம் 16,000-க்கு மேல் தாங்காது. முன்பணம் எதுவும் இல்லை. ஏழு ஆண்டுக் கடன் எடுத்தால் 10 லட்சம் கார் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஆசையைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம், அக்கறையோடுதான் சொல்கிறேன். 9 சதவீத வட்டியில் 84 மாதத் தவணை 16,089. ஐந்தாண்டுத் தவணையைவிட மாதம் 4,669 குறைவு. ஆனால் மொத்த வட்டி 2,45,501-இலிருந்து 3,51,483 ஆகிறது. வட்டியைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இதில் இருக்கிறது. புதிய காரின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக விழும். இரண்டு ஆண்டு முடிவில் அந்தக் காரைச் சந்தையில் 7 லட்சத்துக்கு விற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஏழாண்டுக் கடனில் அப்போது நீங்கள் தர வேண்டிய பாக்கி ஏறக்குறைய 7,75,000. வேலை போனாலோ, வேறு ஊருக்கு மாற்றலானாலோ, காரை விற்றும் கடன் தீராது. கைக்காசு 75,000 போட்டுத்தான் விடுபட முடியும். விபத்தில் கார் முற்றிலும் சேதமடைந்தால், காப்பீட்டு நிறுவனம் பொதுவாகக் கொடுப்பது அன்றைய மதிப்பைத்தானே தவிர, உங்கள் கடன் பாக்கியை அல்ல. ஐந்தாண்டுக் கடனாக இருந்திருந்தால் அதே நாளில் பாக்கி 6,53,000 அளவில், காரின் மதிப்புக்குள் அடங்கியிருக்கும்.

எரிபொருள், பராமரிப்பு, ஆண்டுதோறும் காப்பீடு, சில ஆண்டுகளில் டயர் என்று கார் தனக்கென்று கேட்கும் பணமும் அந்த 16,000-க்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்பதை நீங்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். ஓர் ஆண்டு பொறுத்து, மாதம் 16,000-ஐத் தவணை கட்டுவதாகவே நினைத்துத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆண்டு முடிவில் 1,92,000 முன்பணம் சேர்ந்துவிடும். அதைவிட முக்கியமாக, அந்தத் தொகை உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் தாங்குகிறதா என்பது கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பிறகு சிறிய காராகவோ, நன்கு பராமரிக்கப்பட்ட பழைய காராகவோ பாருங்கள். முதல் ஆண்டுகளின் பெரிய மதிப்பு வீழ்ச்சியை முந்தைய உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டதால், பழைய காரில் உங்கள் பணத்துக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்கும். பழைய கார்களுக்கான கடனில் வட்டி சற்று அதிகமாக இருப்பது வழக்கம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: 10 லட்சம் கடன், 9 சதவீதம், 60 மாதம். ஓர் ஆண்டு தவணை கட்டி முடித்துவிட்டேன். இப்போது போனஸாக ஒரு லட்சம் வந்திருக்கிறது. கடனில் கட்டிவிடலாமா, அல்லது கடைசி ஆண்டில் மொத்தமாகக் கட்டி முடித்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரத்துக்கென்று தனியே பணம் இருக்கிறது என்றால், இப்போதே கட்டுங்கள். வட்டியின் பெரும்பகுதி கடனின் தொடக்கத்தில்தான் போகிறது. உங்கள் முதல் தவணையான 20,758-இல் 7,500 வட்டிக்கே போயிருக்கும். இன்று ஒரு லட்சம் கட்டி, மாதத் தவணையை மாற்றாமல் வைத்துக்கொண்டால், கடன் ஏறக்குறைய ஏழு மாதம் முன்னதாக முடியும். சுமார் 40,000 வட்டி மிச்சமாகும். அதே ஒரு லட்சத்தை நான்கு ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சமாவது 7,700 அளவுதான்.

கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து, பகுதித் தொகையை முன்கூட்டிக் கட்ட அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உங்கள் நிலையில் 2 அல்லது 3 சதவீதக் கட்டணம் இருந்தாலும் கட்டுவது லாபமே. விண்ணப்பத்தில், தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், தவணைக் காலத்தைக் குறைக்கவும் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் சில இடங்களில் தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது மிச்சமாகும் வட்டி ஏறக்குறைய பாதியாகிவிடும். திருத்திய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசித் தவணையின் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கடன் முழுவதும் தீர்ந்த நாளில், பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தைப் பெற்று, வாகனப் பதிவில் கடன் கொடுத்தவரின் பெயர் இருந்தால் அதை நீக்கவும் உடனே விண்ணப்பியுங்கள். பலர் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு, காரை விற்கும் நாளில், வாங்க வந்தவரைக் காக்கவைத்துக்கொண்டு அந்தக் கடிதத்துக்காக அலைகிறார்கள்.